பவர் பட்டனில் வெள்ளிக்கிழமைச் சந்தனம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த நோய்க்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வைரஸ் என்றார் ஒருவர். எர்த் சரியில்லை என்றார் இன்னொருவர். மதர்போர்டு போய்விட்டது என்றான் இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒருத்தன். பொம்பளப் பிள்ளை கை வைத்ததால் கெட்டது என்றார் எங்கள் பெரியப்பா. அவர் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது. இதில் ஒன்றுமே இல்லை. காரணம் சந்தனம். என் அப்பா தன் கையால் இழைத்து, தன் விரலால் வைத்த அசல் சந்தனம்.

இப்போது ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அந்த ஆடி மாதத்தில் இது யாருக்கும் தெரியாது, எனக்கும்தான் தெரியாது. அது தெரியாமல் போனதால் என் மேல்படிப்பே பறிபோகப் பார்த்தது.

எங்கள் ஊர் அரியலூரை ஒரு ஜில்லா ஆக்கிப் பலகை எழுதி வைத்து, அந்தப் பெயிண்ட் காய்வதற்குள் வேண்டாம் என்று மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட வருடம் அது. அப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் அடிக்கும் லாரி. டிரைவரும் அவரே, முதலாளியும் அவரே. எட்டாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் வண்டி ஓடும்போது சத்தத்தை வைத்தே எந்த போல்ட்டு லூஸ் என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமையெல்லாம் லாரியோடு சரி.

எதிர் வீட்டுக்காரரும் லாரிக்காரர்தான். அவர் வீட்டில் ஒருநாள் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அப்புறம் அப்பாவுக்கு ராத்திரித் தூக்கம் ஏது? நான் கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தவர், எதிர் வீட்டு ஜன்னலில் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அடுத்த வாரமே திருச்சிக்கு லாரியை எடுத்துக்கொண்டு போய் ஒன்றை வாங்கி வந்தார். கல் ஏற்றும் லாரியின் கேபினில் நான் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஊரெல்லாம் "பொண்ணு படிப்புக்காக வாங்கினேன்" என்று சொல்லிக்கொண்டார். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன். எப்படியோ வந்து சேர்ந்ததே.

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் லாரிப் பூஜை. காலையில் குளித்துவிட்டு, சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போவார். ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, டீசல் டேங்கில் ஒரு பொட்டு, இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். இது முடியாமல் வண்டி ஒரு அடி நகராது. கம்ப்யூட்டர் வந்த முதல் வெள்ளிக்கிழமை, லாரியை முடித்துவிட்டு அதே கிண்ணத்தோடு வீட்டுக்குள் வந்தார். மானிட்டருக்கு மேலே வைத்தார். கீபோர்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு சி.பி.யு. பெட்டியின் முன்னால் நின்று எங்கே வைப்பது என்று பார்த்தார். ஹெட்லைட்டுக்கு நடுவில் வைத்துப் பழகிய கை. பெட்டியின் முகத்தில் நட்டநடுவே வட்டமாக ஒரு பட்டன் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்து அனுப்பிய மாதிரி. அங்கே வைத்தார்.

சித்திரையில் தொடங்கியது இது. வாராவாரம் பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம். ஆடி பிறந்ததும் பொட்டு இன்னும் பெரிதானது. ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கே கூடுதலாகச் செய்யும்போது கம்ப்யூட்டருக்குக் குறைவாகச் செய்வது நியாயமா?

இனி என் கதைக்கு வருகிறேன். ஊர்க் கல்லூரியில் கணிதம் முடித்திருந்தேன். எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆடி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு சொல்றேன்" என்றார். அங்கேதான் வினை.

பெரியப்பா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் குடும்பத்தில் முதலில் பேண்ட் போட்டவர் என்பதால் அவர் சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. அண்ணன் எதிரில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெரியப்பாவின் கையில் எனக்கு ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான், ஜெயங்கொண்டம் பக்கம். ஆடியில் சம்பந்தம் பேசக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஆக, ஆடிக்குள் அப்பா தலையை ஆட்டினால் நான் திருச்சிக்கு. ஆட்டாவிட்டால் ஆவணியில் காபித் தட்டோடு நடுவீட்டுக்கு. என் நிலைமை இவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

முதலில், ஏதாவது டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணையும். கரண்ட் இருக்கும், ஃபேன் ஓடும், இது மட்டும் அணைந்திருக்கும். மறுபடி போட்டால் நீலத்திரையில் நீ என்னை ஒழுங்காக அணைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு குற்றச்சாட்டு வரும். அப்படி நடக்காமல் இருக்க இனிமேல் முறைப்படி அணைக்கவும் என்று புத்திமதி வேறு. அணைந்தது அது. திட்டு வாங்கியது நான். எங்கள் வீட்டு ஆம்பளைகளோடு சேர்ந்த புத்தி அதற்கும் வந்துவிட்டதோ என்று நினைத்துக்கொள்வேன். பிறகு டிஸ்க்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவித்தடவிச் சோதிக்கும். நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் சேஃப் மோடு, அதாவது உள்ளே ஏதோ கெட்டுப்போய் அரைகுறையாக எழுந்து உட்காருகிற நிலை. படமெல்லாம் பெரிது பெரிதாக, சாயம் போன துணி மாதிரி வரும். திரையின் நாலு மூலையிலும் சேஃப் மோடு, சேஃப் மோடு என்று எழுதியிருக்கும். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சேஃப்னுதான போட்டிருக்கு, அப்புறம் என்ன பயம்?" என்று லாரியை எடுக்கப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு மூலையிலும் எழுதி வைத்திருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஒருநாள் பெரியப்பா வந்திருந்த நேரம், திரையில் ஒரு பெட்டி வந்து விழுந்தது. இந்த ப்ரோகிராம் இல்லீகல் ஆப்பரேஷன் செய்துவிட்டது, மூடப்படும் என்று. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் எதற்கெடுத்தாலும் வரும் செய்தி அது. கோர்ட்டு குமாஸ்தாவின் கண்ணில் அந்த ஒரு வார்த்தைதான் பட்டது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்னம்மா இது, இல்லீகல்னு போட்டிருக்கு? என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல பெரியப்பா. ப்ரோகிராம்ல தப்பு வந்தா அப்படித்தான் காட்டும்."

"இல்லீகல்னா என்னன்னு எனக்கே சொல்லித் தரியா? கோர்ட்டுலயே காலத்த ஓட்டினவன் நான்." அப்பா பக்கம் திரும்பினார். "ஏண்டா தம்பி, சட்டவிரோதமா ஏதோ நடந்திருக்குன்னு மெஷினே எழுதிக் காட்டுது. நீ பாட்டுக்கு லாரிய தொடச்சுக்கிட்டு நிக்கிறியே!"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஓவர்லோடு போட்டு ஆர்.டி.ஓ.விடம் மாட்டியபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. அன்றிலிருந்து அப்பா வீட்டில் இல்லாதபோது நான் கம்ப்யூட்டரைப் போடக் கூடாது என்று உத்தரவு. அப்பா வீட்டில் இருந்தால் மட்டும் அவருக்கு அதில் என்ன தெரியப்போகிறது? கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சரி, வைத்தியம் பார்க்க வேண்டுமே. பெரியப்பா பெரம்பலூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சென்டர் சாரை வரவழைத்தார். அப்போது எங்கள் பக்கத்தில் டீக்கடைக்கு அடுத்தபடியாக அதிகம் இருந்தது கம்ப்யூட்டர் சென்டர்தான். ஆறு மாதம் போனால் லேமினேட் செய்த சர்டிபிகேட் ஒன்று தருவார்கள். சார் அந்த வேக்காட்டில் டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் சிடி பை. அம்மா ஓடிப்போய் ஃபேனைக் கூட்டி வைத்தாள். வடை, காபி எல்லாம் ஆயிற்று. கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"வைரஸ் சார். ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்."

ஃபார்மட். அந்தக் காலத்தில் எங்கள் ஜில்லா முழுக்க இருந்த ஒரே மருந்து அது. மெதுவாக ஓடினால் ஃபார்மட், சத்தம் வந்தால் ஃபார்மட், பிரிண்ட் வராவிட்டாலும் ஃபார்மட். காய்ச்சல் என்று வந்தவனை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பிறந்து வா என்று அனுப்புகிற வைத்தியம். நான் அதில் தட்டச்சு செய்து வைத்திருந்த சி ப்ரோகிராம்கள், கணக்குகள் எல்லாம் இருக்கிறதே என்று சொன்னேன். சார் என்னைப் பார்க்காமல் பெரியப்பாவைப் பார்த்து, "கேம்ஸ் எல்லாம் போட்டு வெச்சிருப்பாங்க, அதுலதான் வைரஸே வருது" என்றார். பெரியப்பா பெரிதாகத் தலையாட்டினார். கறுப்புத் திரையில் சதவீதம் ஒன்றொன்றாக ஏறியது. மூன்று ஆம்பளைகளும் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். என் ப்ரோகிராம் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

நடுவில் ஒரு கூத்து. சார் பெட்டியை நகர்த்தி ஒயர்களையெல்லாம் பிடுங்கித் திருப்பி மாட்டினார். போட்டதும் கீபோர்டு இல்லை என்று திரையில் வந்தது. அதன் கீழேயே, தொடர்வதற்கு எஃப்1-ஐ அழுத்தவும் என்று இருந்தது. இல்லாத கீபோர்டில் எஃப்1 எங்கிருந்து வரும்? இதை எழுதின மகராசன் யாரோ, அவனும் ஏதாவது சென்டரில் ஆறு மாதம் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும். சார் அதைப் படித்துவிட்டு எஃப்1-ஐ அழுத்தினார். பலமாக அழுத்தினார். விரலை மாற்றி அழுத்தினார்.

"சார், மவுஸ் ஓட்டைல கீபோர்டு ஒயர சொருகியிருக்கீங்க" என்றேன்.

"தெரியும்மா. செக் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார்.

அவர் சொன்னதில் உருப்படியானது ஒன்றே ஒன்றுதான். கிளம்பும்போது, "ஹேங் ஆயிடுச்சுன்னா இந்த பவர் பட்டன அப்படியே அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருங்க, கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆயிடும்" என்று காட்டிக் கொடுத்தார். பெட்டியைப் போட்டு ஆட்டியதில் பட்டன் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். அன்றும் மறுநாளும் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது. பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய சார் கை வைத்துப் பிழைத்த மெஷின் என்று அப்பா இரண்டு பங்கு சந்தனம் வைத்தார்.

மறுபடியும் படுத்துவிட்டது. இந்த முறை திருச்சியில் வாங்கிய கடைக்கு அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஃபோன் போட்டார். எர்த் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று கடைக்காரன் அங்கிருந்தபடியே கண்டுபிடித்துவிட்டான். தென்னை மரத்தடியில் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, கம்பி இறக்கினார்கள். குழி காயக் கூடாது, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வருவதே பெரும்பாடு. அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மாசமா இருக்கிற பொண்ணுக்குக்கூட இவ்வளவு சேவகம் பண்ண மாட்டாங்கடி" என்றாள். கம்ப்யூட்டர் தேறவில்லை. தென்னை மரத்தின் ஓலை மட்டும் பழுத்தது. உப்புத் தண்ணீர்.

இப்போது நோய் முற்றிவிட்டது. பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் சுற்றும், பச்சை விளக்கு எரியும், திரையில் எழுத்து வருவதற்குள் டப்பென்று செத்துவிடும். அந்தச் சமயத்தில் ஆடிப் பெருக்குக்கு ஊருக்கு வந்தான் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை. சென்னையில் இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் படிக்க அனுப்பலாமா வேண்டாமா என்று யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனுக்கு எத்தனை பேப்பரில் அரியர் என்பது பெரியப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவன் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தான். பெட்டியைப் பிரித்தான். ராம் என்ற பலகையைக் கழற்றி, என் பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து அதன் பல்லையெல்லாம் தேய்தேய் என்று தேய்த்தான். ஊதினான். மாட்டினான். டப். மறுபடி கழற்றினான், தேய்த்தான், ஊதினான். டப். கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"மதர்போர்டு காலி சித்தப்பா. ஏதோ தப்பா ஹேண்டில் பண்ணியிருக்காங்க."

பண்ணியிருக்காங்க என்றால் நான். பெரியப்பா அதற்காகவே காத்திருந்தது போல் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியாடா தம்பி? வூட்டுல ஒரு கம்ப்யூட்டர வெச்சு ஒழுங்கா பாத்துக்கத் துப்பில்ல. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவள போய் எம்.சி.ஏ. சேக்குறேங்கிற. அங்க ரூம் நெறைய கம்ப்யூட்டர் இருக்கும், எல்லாத்தையும் ஒடச்சுட்டு வருவா. பேசாம ஆவணில முடிச்சு அனுப்பு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர்கள் போன பிறகு என்னிடம், "அவங்க வந்து பாத்துட்டுத்தான் போவட்டுமே, பாத்தா என்ன கொறஞ்சிடப் போவுது?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அரியர் வைத்தவன் திரும்ப சென்னைக்குப் போவான். ஒரு பேப்பரில்கூடத் தவறாத நான் ஜெயங்கொண்டத்துக்குப் போக வேண்டும். அதுவும் ஒரு டப்பாவின் தயவால்.

மறுநாள் மத்தியானம் அப்பா லோடு அடிக்கப் போயிருந்தார். அம்மா தண்ணீர் லைனில் நின்றாள். உத்தரவு கிடக்கட்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டெபிலைசரின் ஸ்விட்சைப் போட்டேன், அவ்வளவுதான். பெட்டி தானாகவே உயிர் பெற்று ஓடியது. சிறிது நேரத்தில் வழக்கம் போல் டப்.

நான் பட்டனைத் தொடவே இல்லையே!

ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் தானாக எழுந்தது, தானாகச் செத்தது. பெரம்பலூர் சார் சொன்னது ஞாபகம் வந்தது. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் தானாக அணையும். அப்படியென்றால் யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார்? வீட்டில் நான் மட்டும்தான். குனிந்து பட்டனைப் பார்த்தேன். அது வெளியே துருத்திக்கொண்டு இல்லை, உள்ளே போய்ப் பதிந்து கிடந்தது. சுற்றிலும் இருந்த இடைவெளியில் சந்தனம் இறங்கி, ஆடிக் காற்றில் காய்ந்து, சிமெண்ட் போட்ட மாதிரி இறுகியிருந்தது. வாராவாரம் அப்பா வைத்த பொட்டு. ஆடி வெள்ளிப் பொட்டு. சார் பிழைக்க வைத்ததற்கு இரண்டு பங்கு.

ஊக்கை எடுத்துச் சுற்றிச் சுரண்டினேன். ஈரத் துணியால் துடைத்தேன். மறுபடி சுரண்டினேன். டிக் என்று பட்டன் வெளியே வந்தது. போட்டேன். ஓடியது. நின்று நிதானமாக, நீலத்திரையில் என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, டிஸ்க்கைத் தடவிவிட்டு, முழுசாக எழுந்து நின்றது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், யாராவது பார்த்திருந்தால்.

சாயங்காலம் பெரியப்பாவும் மகனும் வந்தார்கள், மதர்போர்டைக் கழற்றிக்கொண்டு போவதற்கு. அப்பாவும் வந்துவிட்டார். நான் கம்ப்யூட்டரை ஓடவிட்டு வைத்திருந்தேன். சுரண்டி எடுத்ததைத் தினசரித்தாள் துண்டில் வைத்து நீட்டினேன். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னேன். ஓடுகிற திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தவன் இஞ்சினியர்தான்.

"டஸ்ட் சித்தப்பா. டஸ்ட் ஃபார்ம் ஆகி பட்டன் ஜாம் ஆயிருக்கு."

"அதான பாத்தேன்" என்றார் பெரியப்பா. "சிமெண்ட் ஊருல தூசிக்கா பஞ்சம்?"

அம்மா அந்தத் தாளை வாங்கி மூக்கருகே கொண்டு போனாள். "தூசி இப்படியா மணக்கும்?" என்றாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். வெள்ளிக்கிழமைதோறும் கிண்ணத்தோடு நிற்கிறவர் அவர். அவருக்குத் தெரியாதா? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணனைப் பார்த்தார்.

"தூசிதான்" என்றார்.

இத்தனை நாள் பெரியப்பா பேசியது எதுவும் என்னை அப்படிச் சுடவில்லை. சந்தனம் வைத்ததைப் பற்றி எனக்கு ஒரு கோபமும் இல்லை. சாமி கும்பிடுகிற மனுஷன், பிரியத்தில் வைத்தார். ஆனால் கையில் ஆதாரத்தோடு நிற்கிற மகளைவிட, அண்ணன் முன்னால் தன் மானம் பெரிதாகப் போய்விட்டது அவருக்கு. சீ என்று இருந்தது.

அவர்கள் போன பிறகு அப்பா குழைந்துகொண்டு வந்தார். என் தலையைத் தடவினார்.

"ஆனாலும் நீ கெட்டிக்காரிதான். அந்த சாருக்குத் தெரியல, படிக்கிறவனுக்கும் தெரியல, ஒனக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கிறவளுக்கு இனிமே அங்க போய் என்னம்மா படிப்பு?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"ஏம்ப்பா, நேத்து ஒண்ணும் தெரியாதுன்னு படிக்க வேணாம்னீங்க. இன்னைக்கி எல்லாம் தெரியும்னு படிக்க வேணாங்கிறீங்க. அப்ப எவ்வளவு தெரிஞ்சா அனுப்புவீங்க? அதச் சொல்லுங்க, அந்த அளவுக்கு மட்டும் தெரிஞ்சுக்கிறேன்."

"ஏண்டி கத்துற? நான் ஒன்ன மெச்சித்தான..."

"மெச்ச வேணாம். நான் என்ன பண்ணினேன்? காஞ்ச சந்தனத்த ஊக்கால சொரண்டினேன். ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். அதுக்குப் பேரு கம்ப்யூட்டர் படிப்பாப்பா? அது பாத்திரம் கழுவுற வேலை. அம்மாவ விட்டிருந்தா என்னைவிட சீக்கிரம் பண்ணியிருக்கும். பட்டன அமுக்கினப்புறம் அந்தப் பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு அந்த சாருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சத்தியமா ஒண்ணும் தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் போறேங்கிறேன்."

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அப்பா எழுந்து போய் வெளியே லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வெகுநேரம் இறங்கவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டொரு நாள் இப்படியே ஓடியது. கல்லூரியில் சேர வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை என்று ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா வந்தார். நடுவீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஜெயங்கொண்டத்துக்காரர்கள் பார்க்க வருவதாகவும், நமக்குச் சம்மதம்தான் என்று தானே சொல்லி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். அப்பா வழக்கம் போல் நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளறையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போயிற்று, எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே" என்றார் அப்பா. "அது தூசி இல்லண்ணே. நான் வெச்ச சந்தனம்."

பெரியப்பாவுக்கு முதலில் எதைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. புரிந்ததும் கையை வீசினார். "அட, அத விடுடா. அதான் சரியாயிடுச்சில்ல. இவளுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கே, இதுக்கு மேல என்ன படிப்பு? மாப்ள வூட்டுலயும் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணுன்னு சொல்லிடலாம்."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இல்லண்ணே. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளே எங்கிட்ட சொன்னா. அதனாலதான் படிக்கப் போறா. நாளைக்கி நானே கொண்டுபோய் வுட்டுட்டு வரேன்."